முதல் தூபம்

இறந்துபோன அப்பாவுக்கு உடுத்திய வெள்ளை அங்கியில் இடமடிப்பை மேலே போட்டுவிட்டு சதயோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது உயிரோடிருப்பவர்களுக்கான மடிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் ஒகிதா அங்கியைத் தளர்த்திக் கொடுத்தாள். சதயோ வலமடிப்பை மேலே கொண்டுவந்து கட்டினாள்.

சித்தப்பா ஷிகேவோ உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கிமியாசு ஸ்டேஷன்ல இறங்கிட்டானாம். மூத்தவன், அவன்தான் முன்னால உக்காரணும். மொத தூபம் அவன் கையாலதான்."

"அண்ணன் போடக்கூடாது சித்தப்பா."

"என்னடி பேசுற? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

அண்ணனுக்கு ஊரில் நல்ல பெயர். படுத்துவிட்ட அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்று கோயில் கமிட்டியே மெச்சியது. அந்த வீட்டுக்குப் புண் கட்ட வந்தவள்தான் ஒகிதா. முதல் நாளே அப்பாவின் அங்கி பிணத்துக்குப் போடுவதுபோல் மடிந்திருந்ததைக் கவனித்துவிட்டாள். "அவரே போட்டுக்கிட்டார், மறதி" என்றான் கிமியாசு. தன் பெயரையே மறந்த நோயாளிகள்கூட அந்த மடிப்பை மறந்து அவள் பார்த்ததில்லை. யாரோ வெறுப்போடு அவசரமாகச் சுற்றிவிட்ட துணி அது. வெந்நீர் வேண்டும் என்று அவனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு அங்கியை விலக்கினாள். மேல்கையில் விரல் தடங்கள், பழையது மஞ்சளாக, புதியது நீலமாக.

"ஐயா, இது எப்படி ஆச்சு? யாராவது உங்கள வலிக்கப் பண்றாங்களா?"

துறைமுகத்தில் படகுகளுக்கு வழிகாட்டி வாழ்ந்த மனிதர், அப்பா தொக்குஜி. யாரிடமும் கைநீட்டாதவர். போனில் மகளிடம்கூட "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒகிதா அவசரப்படுத்தவில்லை.

"என் மவன் அடிக்கிறான்" என்றார்.

ஒகிதா அன்றே நகராட்சிக்குத் தகவல் சொன்னாள். பொழுது சாயும் முன் அப்பா பத்திரமான இடத்துக்குப் போனார், பிறகு சதயோவின் வீட்டுக்கு. கடைசிவரை அங்கேதான் இருந்தார். கிமியாசு ஒகிதாவின் மேல் புகார் கொடுத்தான். அவள் அசரவில்லை.

சித்தப்பா இப்போது ஒகிதாவிடம் திரும்பினார். "நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கம்மா."

"நோயாளி என்கிட்ட சொன்னது எதையும் நான் வெளிய பேச முடியாதுங்க."

"நான் சொல்றேன்" என்றாள் சதயோ. அடுத்த அறையில் பேச்சுச் சத்தம் அடங்கியது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அண்ணன் அப்பாவ அடிச்சான். இவங்க கேட்டாங்க, அப்பா சொன்னார். பெத்த புள்ளையப் பத்தி அத வாயத் தொறந்து சொல்ல எவ்ளோ தைரியம் வேணும் சித்தப்பா! அவரே மறைக்கல. நான் எதுக்கு மறைக்கணும்?"

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த மனிதரின் மகள் நான் என்று இருந்தது. ஒகிதா குனிந்து அப்பாவின் கைகளைக் கோத்து வைத்தாள். சித்தப்பா போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

புத்தத் துறவி சூத்திரம் ஓதத் தொடங்கும் நேரத்தில் கிமியாசு வந்தான். கறுப்புக் கோட்டை நீவிவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தலைவணங்கி, நேராக முன்வரிசைக்கு நடந்தான்.

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. தனக்குப் பின்னாலிருந்த இருக்கை மெத்தையைத் தட்டினார்.

"இங்க உக்காருப்பா."

தூபமிடலாம் என்று துறவி தலையசைத்தார். சதயோ முதல் ஆளாக முன்னால் போய் மண்டியிட்டு, ஒரு சிட்டிகைத் தூபப் பொடியை நெற்றிவரை உயர்த்தித் தணலில் தூவினாள்.