கேலரியிலிருந்து பார்த்தவன்

விதைப் பதிவு மசோதா வாக்கெடுப்புக்கு வந்த அன்று விடியும்போதே சுந்தரபாண்டியபுரம் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. ‘மசோதாவை எதிர்த்து முழங்கிய எங்கள் எம்.பி. சொரிமுத்து அவர்களுக்கு நன்றி!’ சபை இன்னும் கூடவே இல்லை. ஃப்ளெக்ஸின் கீழ் ஓரத்தில் வேல்ராஜின் முகம். ஒன்றிய இளைஞரணி அமைப்பாளர். வரும் உள்ளாட்சித் தேர்தலில் சீட்டு அவனுக்குத்தான் என்று எம்.பி.யே சொல்லியிருந்தார்.

வேல்ராஜ் அன்று டெல்லியில் இருந்தான். கட்சிக்காரர்களுக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்து நாடாளுமன்றத்தைக் காட்டுவது சொரிமுத்துவின் வழக்கம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேலரியில் உட்கார்ந்து பார்த்தான். எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்று சொல்லலாம் என்றார் சபாநாயகர். சொரிமுத்துவைச் சுற்றியிருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

குரல் வாக்கெடுப்பு. யார் கத்தினார், யார் கத்தவில்லை என்று எதிலும் பதிவாகாது. மசோதா நிறைவேறியது.

ஊர் திரும்பியதிலிருந்து வேல்ராஜுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். எதற்கென்று தெரியாமல் பைக்கில் இலஞ்சி வரை போய்த் திரும்பினான். எங்கே நின்றாலும், “என்னலே, எம்.பி. பின்னிட்டாராமே?” என்றார்கள். தலையை ஒருமாதிரி ஆட்டிவிட்டு நகர்ந்தான்.

சனிக்கிழமை எம்.பி. ஐந்தருவிக்குக் குளிக்க வந்தார். எண்ணெய் தேய்க்கும் பலகையில் குப்புறப் படுத்திருந்தவரிடம் போய் நின்றான்.

“சாயந்திரம் கூட்டத்துல நீதான் மொதல்ல பேசுத” என்றார் அவர். “நேர்ல பாத்தவன் பேசுனாத்தான் எடுபடும்.”

“நீங்க வாயே தொறக்கலியே அண்ணாச்சி.”

தேய்ப்பவரின் கை நின்றது.

“நீரு தேயும்யா” என்றார் எம்.பி. பிறகு முகத்தைத் திருப்பாமலே பேசினார். “அறிக்கை விட்டேன். டிவியில எதிர்த்துப் பேசுனேன். நான் ஒருத்தன் கத்தாததுனாலயா மசோதா பாஸாச்சு? விதைக் கம்பெனிக்காரன் நம்ம தொகுதிக்கு ஃபேக்டரி கொண்டு வாரேங்கான். அவனையும் பகைக்க முடியாதுலே. ஒனக்குச் சீட்டு வேணுமா, வேண்டாமா?”

“வேணும் அண்ணாச்சி.”

“அப்பம் போய்க் குளி. ஒனக்கு மண்டை சூடாயிருக்கு.”

அருவி மண்டையில் அறைந்தது. சூடு இறங்கவில்லை.

மாலைக் கூட்டம் ஃப்ளெக்ஸுக்கு முன்னாலேயே நடந்தது. முன்வரிசையில் பிச்சையா. சூரியகாந்தியும் சின்ன வெங்காயமும் போடுகிறவர், விதை எடுத்து அக்கம்பக்கத்துக்கும் விற்பவர். இனி பதிவில்லாமல் விற்றால் அபராதம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

வேல்ராஜ் மைக்கைப் பிடித்தான். “நம்ம எம்.பி. நாடாளுமன்றத்துல…”

“ஏலே வேலு, அவரு சத்தம் ஒனக்குக் கேட்டுச்சா?” பிச்சையா மடக்குவதற்காகக் கேட்கவில்லை. ஆசையாய்க் கேட்டார்.

“கேக்கல சித்தப்பா.” வாய் முந்திக்கொண்டது. “கண்ணாடி தொடச்சுக்கிட்டு இருந்தாரு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எம்.பி. சிரித்துக்கொண்டே எழுந்து மைக்கை வாங்கினார். “தம்பி மேல கேலரியில இருந்தான். ஏசிக் காத்துல காது அடைச்சிருக்கும்.” கூட்டம் கைதட்டியது. பிச்சையா தட்டவில்லை.

மறுநாள் காலையிலும் ஃப்ளெக்ஸ் அப்படியே நின்றது. வேல்ராஜின் முகம் இருந்த இடத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓட்டைக்குள் பின்னாலிருந்த சூரியகாந்தி வயல் தெரிந்தது.

“ஒன் மூஞ்சிக்கு இது பரவால்லலே” என்றார் பஸ்ஸுக்கு நின்ற பிச்சையா.

“சீட்டு போச்சு சித்தப்பா.”

“எனக்கு வெதை போச்சு. வா, டீ குடிப்போம்.”

கடை பெஞ்சில் உட்கார்ந்து முழு டீயையும் குடித்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.