பன்னிரண்டாவது வயிறு

...ஒன்பது புள்ளி நான்கு, ஒன்பதுக்கு மேல் போனால் ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது, அந்த விதியை எழுதியது யார், டாக்டர் லோகேஸ்வரிதான், ஒருவரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று நெஞ்சை நிமிர்த்தி எழுதியது, இப்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைத் தாள் மேசையில் கிடந்து அவளைப் பார்த்து இளிக்கிறது. எதிரே மெய்யப்பன், பண்டார் பாரு டவுனில் மளிகைக் கடைக்காரர், குதிகாலில் எட்டு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண், மூன்று டாக்டர்கள் காலை எடுத்துவிடச் சொல்ல, மூவரிடமும் "உங்க காலா, என் காலா?" என்று கேட்டுவிட்டு இங்கே வந்தவர். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, புண்ணில் ஊசியால் செலுத்துவது அவள் வேலை... பதினோரு பேருக்குச் செய்தாயிற்று, பதினோரு புண்ணும் மூடிக்கொண்டன, பன்னிரண்டாவது ஆள் இவர். துறைத் தலைவர் புவனேசன் வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் "என்ன லோகேஸ், இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொள்வார், சிரிக்கட்டும், பல் அவருடையது, வெட்டச் சொன்ன பதினோரு காலும் இன்று நடந்துதான் மருந்து வாங்க வருகின்றன.

ஆனால் இந்த வயிறு? ஐந்து வாரத்துக்கு முன் மனிதர் ஒட்டடைக் கம்பு, கிள்ளினால் தோல்தான் வந்தது, "ஒரு கிளாஸ் கொழுப்பு வேணும் அண்ணே, உங்ககிட்ட ஒரு ஸ்பூன்தான் இருக்கு" என்றாள், விளையாட்டாக... விளையாட்டாகத்தானா? அவர் மனைவி அம்சவள்ளி அதைச் சாமான் ஆர்டர் மாதிரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நெய்ச்சோறு, தேங்காய்ப்பால் ஆப்பம், ஜக்கரியா கடையிலிருந்து இரண்டு வேளையும் நெய் சொட்டும் ரொட்டி சானாய். இன்று வயிறு முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது, சற்றுப் பொறுத்து மெய்யப்பன் வந்து சேர்ந்தார், பின்னாலேயே அம்சவள்ளி. "நீங்கதானே கேட்டீங்க டாக்டர், ரெண்டு கிளாஸாவே எடுத்துக்கோங்க லா, ஒண்ணு ஸ்பேர்." சர்க்கரை ஏறிடுச்சே அக்கா என்றால், "ஏறினத இறக்கலாம், வெட்டின கால ஒட்ட முடியுமா?" என்கிறாள். பதினான்கு பக்க ஒப்புதல் படிவம், 'தின்று கொழுக்காதீர்' என்று ஒரு வரி இல்லை. அதை அழித்து எட்டு புள்ளி ஒன்பது என்று எழுத அரை நிமிடம் போதும், யார் பார்க்கப்போகிறார்கள்... சீ, அப்படிச் செய்தால் புவனேசன் ஜெயித்துவிடுவாரே, மாட்டாள், பொய்யும் எழுத மாட்டாள், காலையும் விட மாட்டாள்.

குதிகால் புண்ணின் கட்டைப் பிரித்தாள். மெய்யப்பன் கோத்தா கோலா மூடா கடலில் தான் பிடித்த மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அது படகை லங்காவித் தீவுவரை இழுத்துப் போய், களைத்து, தானே படகில் ஏறிப் படுத்துக்கொண்டதாம், அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது, கையிலிருந்த அளவுகோல் இரண்டு சென்டிமீட்டர் என்றது, போன முறை நான்கு அல்லவா, மறுபடி வைத்தாள், இரண்டுதான், ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு. ஒரு செல்கூடப் போடவில்லையே இன்னும். "என்ன பண்ணீங்க அண்ணே?" "சாப்பிட்டேன்." "கடைக்குப் போனீங்களா?" அம்சவள்ளி முந்திக்கொண்டாள்: "எங்க போறது? நடந்தா தின்னதெல்லாம் கரைஞ்சிடாது? கால ஸ்டூல் மேல தூக்கி வச்சு ஒக்கார வச்சிட்டேன். பாத்ரூமுக்குக்கூட வீல்சேர்தான்."

எட்டு மாதமாக எல்லோரும் ஊன்றாதே ஊன்றாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கடையில் நின்ற மனிதர், கொழுப்பு சேர்க்க உட்கார்ந்திருக்கிறார்... அப்படியானால் அந்தப் பதினோரு பேர்? கொழுப்பு எடுத்த வலியில், வயிற்றை இறுக்கிக் கட்டிய பட்டையோடு, வாரக் கணக்கில் படுத்துத்தானே கிடந்தார்கள் அவர்களும்? புண்ணை மூடியது செல்லா, கட்டிலா? புவனேசன் காதுக்குப் போனால்... போகட்டும், அவர் கேட்குமுன் அவளே கேட்பாள், பதினோரு வீட்டுப் படியும் ஏறிக் கேட்பாள், பேனாவை எடுத்தாள், ஒன்பது புள்ளி நான்கு, அழுத்தமாக, சேர்க்கவில்லை.

மெய்யப்பன் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இது வேணாமா டாக்டர்?" என்றார், முகம் வாடிப்போய்.

வேண்டுமா... அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.