தாயார் உடல்நிலை காரணமாக

முதுகு போய்விட்டது என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டதால் 1975-இல், ஐம்பத்திரண்டு வயதிலேயே எனக்கு ஓய்வு. போர்ட் பிளேரில் கப்பல் பழுதுபார்க்கும் சர்க்கார் பட்டறையில் இருபத்துநான்கு வருடம் பிட்டராக இருந்தேன். ஆனால் தலைமை எழுத்தர் உதயசூரியன் கணக்குப்படி எட்டு வருடம் சொச்சம்தான். பத்து வருடம் இல்லாதவனுக்குப் பென்ஷன் கிடையாது.

"அறுபத்தஞ்சுல லீவு போட்டுட்டுப் போனீங்க. ஒரு வருஷம் கழிச்சுத்தான் திரும்புனீங்க. சர்வீஸ் அங்க உடைஞ்சிருச்சு. அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் கதம்ணே."

ஆறாவது முறையாகச் சொல்கிறான்.

"நான் சண்டைக்குப் போனேன்."

"ஊருக்கே தெரியும்ணே. காகிதத்துக்குத் தெரியணுமே."

டெரிடோரியல் ஆர்மியில் பேர் கொடுத்தவன் சர்க்கார் வேலையையும் பார்ப்பான், கூப்பிட்டால் சேனைக்கும் போவான். அலுவலகம் அனுப்பிப் போயிருந்தால் அந்தக் காலமும் சர்வீஸில் சேரும். கூப்பிட்டு வந்த தந்தியை இதே மேஜையில் வைத்துவிட்டுத்தான் கப்பலேறினேன். இன்று கோப்பில் தந்தி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லீவு விண்ணப்பம் இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

கையெழுத்து என்னுடையதுதான். அன்று மெயின்லேண்ட் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மறுநாளே கிளம்பிவிடும். அதனால் பட்டறையில் எல்லோருமே வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு எழுத்தரின் டிராயரில் கொடுத்து வைத்திருப்போம். கப்பலேறியவனுக்கு எழுத்தர் தேதியும் காரணமும் நிரப்பிவிடுவார். நான் எதற்கு ஏறினேன் என்று பார்க்காமல், ஏறினேன் என்பதை மட்டும் பார்த்து எனக்கும் நிரப்பிவிட்டார்கள். காரணம்: தாயார் உடல்நிலை. கப்பல் வந்த வாரமெல்லாம் பட்டறையில் எல்லோருடைய தாயாருக்கும் உடம்பு கெட்டது.

சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினேன். 1959-இல் தாயார் இறந்ததற்காக எனக்குக் கொடுத்த லீவு.

"செத்து ஆறு வருஷமானவளுக்கு என்ன உடம்பு?"

உதயசூரியன் பார்த்தான். "இதைக் காட்டாதீங்கண்ணே. பொய் சொல்லி லீவு எடுத்ததா ஆயிரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக் கடைசியில் மரைன் ஹில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் மனைவி நீலாவதி இங்கேயே டாலிகஞ்சில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாள். வாடகைக்கு என்ன செய்வது என்று அவள் இன்னும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

"கல்கத்தாவுக்கு அப்பீல் போடலாம். நாளைக்குக் கப்பல்." ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினான். "கீழ கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க. மேல நான் நிரப்பிக்கறேன்."

நான் படிவத்தைத் தொடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுவது நின்றது.

"என்னண்ணே?"

"நிரப்பு. அப்புறம் போடறேன்."

எழுதத் தொடங்கினான். நான்கு வரி வந்ததும் பழைய விண்ணப்பத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே கை. வலப்பக்கம் சாய்ந்த அதே எழுத்து. அறுபத்தைந்தில் இந்த டிராயர் யாரிடம் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். அவனாகச் சொல்வான் என்று ஐந்து முறை வந்து காத்திருந்தேன்.

பேனா நின்றது.

"எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருக்குண்ணே. மெமோ கொடுத்தாங்கன்னா..."

"மெமோதான கொடுப்பாங்க. எனக்கு வீட்டைக் காலி பண்ண இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

அவன் பாதி எழுதிய படிவத்தை ஒதுக்கி வைத்தான். பிறகு புதுத்தாள் ஒன்றை எடுத்தான்.

"என்னன்னு எழுத?"

"நடந்ததை எழுது. தந்தியை உன் மேஜையில வச்சுட்டுத்தான் போனேன். லீவு நீ நிரப்பினது."

எழுதி முடித்தான். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தேதி விட்டுப் போயிருந்தது, போடச் சொன்னேன். போட்டான்.

"கையெழுத்து போடுங்கண்ணே. தபால் பையைக் கட்டணும்."

"முதல்ல நீ" என்றேன்.