மீன் கழுவிய தண்ணீரும் ஆறு தொட்டிகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடையாறில் வேர்களைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. வெயில் தாங்காமல், ஏசிக்காகத்தான் போய் உட்கார்ந்தேன். வேருக்குள் உயிரணுக்களால் ஆன ஒரு வளையம் இருக்கிறதாம். அவற்றின் இடுக்குகளை ஒரு பட்டை அடைத்திருக்கும். சந்து வழியாக நழுவப் பார்க்கும் தண்ணீரும் உப்பும் அங்கே நின்று, உயிரணுவுக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டும். எதை உள்ளே விடுவது என்று செடி அங்கே பார்த்துக்கொள்ளும். வீடு வருவதற்குள் பாதி மறந்துவிட்டது. மீதியில் கயல் வந்து சேர்ந்தாள்.

2

"கடலலைகள் கரையை முத்தமிட்ட அந்த மாலையில்..."

சகிக்கவில்லை, விடுங்கள். கயல் ஊரூர் குப்பத்துப் பெண், இருபத்தேழு வயது, வேர் ஆராய்ச்சி மாணவி. பொங்கல் விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டதால், பன்னிரண்டு தக்காளித் தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தாள். ஆறுக்கு எல்லாச் சத்தும் உண்டு. மற்ற ஆறுக்கு இரும்பு இல்லாத தண்ணீர். அவை வெளுத்தன, வெளுக்கத்தான் வேண்டும்.*

[* வளையத்தின்மேல் தக்கை போல இன்னொரு பூச்சும் உண்டு. உப்பு மிகுந்தால் செடி அதைத் தடிப்பாக்கும். இரும்பு கிடைக்காவிட்டால் மெல்லியதாக்கி வழிவிடும். எவ்வளவு மெல்லியதாகிறது என்பதுதான் கயலின் ஆராய்ச்சி. இந்தச் செடிகள் கெட்டால் மறுபடி வளர்க்க மூன்று மாதம் ஆகும். ஆய்வேட்டைக் கொடுக்க இருப்பதோ இரண்டே மாதம்.]

3

அம்மா பொன்மணி மீன் விற்கிறவள். மீன் கழுவிய தண்ணீரை அவள் வீணாகக் கொட்டி நான் பார்த்ததில்லை (நானே உண்டாக்கிய ஆள், எங்கே போய்ப் பார்ப்பது!). அந்தத் தெருக் கறிவேப்பிலையெல்லாம் அதைக் குடித்து வளர்ந்தவை. கயல் பாட்டில்களில் தண்ணீரை அளந்து வைத்துவிட்டு, தோழி கல்யாணத்துக்காக நான்கு நாள் வேளச்சேரி போய்த் திரும்பினாள்.

"அந்தாண்ட ஆறும் நல்லா கீது. இதுங்க மட்டும் சோகை புட்ச்ச மாரி கீதே, இதுங்க இன்னா பாவம் பண்ணுச்சி? அதான் மீன் தண்ணி ஊத்துனேன். பாரு, எப்பிடி பச்ச புட்ச்சிகினு வருது!"

மீன் ரத்தத்திலிருந்த இரும்பு அந்த ஆறுக்கும் போய்விட்டது. கயல் செடிகளைப் பார்த்தாள். அம்மாவின் மலர்ந்த முகத்தையும் பார்த்தாள்.

"நல்லா கீதும்மா" என்றாள். பிறகு பாட்டில்களை எடுத்து ஓரமாக வைத்தாள்.

4

முடிவுகள்:

(அ) கயல் கத்துகிறாள். எழுதிப் பார்த்தேன், மனசு வரவில்லை.

(ஆ) மீன் தண்ணீரால் மாபெரும் கண்டுபிடிப்பு, மாலை, கைதட்டல். அளக்காமல் ஊற்றியதில் ஏதய்யா கண்டுபிடிப்பு?

(இ) அம்மாவின் மனசும் ஒரு வேர்தான் என்று... அடித்துவிட்டேன். வேர் வேராகவே இருக்கட்டும்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. பொன்மணியை ரொம்பவும் அப்பாவியாக எழுதிக்கொண்டிருக்கிறேனோ?

5

மறுநாள் காலை கயலின் ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் விஜயலக்ஷ்மி மயிலாப்பூரிலிருந்து வீடியோவில் அழைத்தார்.

"செடியெல்லாம் காட்டு கயல், பாத்துடறேன். என்னது, பச்சையா இருக்கு?"

"நான்தான் மேடம்... பாட்டில மாத்தி ஊத்திட்டேன்."

பக்கத்தில் நின்ற பொன்மணிக்கு எல்லாம் அந்த நொடியில் புரிந்துவிட்டது. மகள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மேடம், அவ பொய் சொல்றா. மீன் கழுவுன தண்ணிய நான்தான் ஊத்துனேன். அதுங்களப் பட்னி போடணும்னு எனக்குத் தெரியாது. தப்பு என்னுது. புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நாளு வாங்கிக் குடுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. கயல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளை அங்கிருந்து நகர்த்த எனக்கு மனசில்லை. நீங்களே சொல்லுங்கள், எத்தனை நாள் கொடுப்பீர்கள்?