மூடிக்குச் சொன்ன சோப்

மலாக்காவில் பழம்பீங்கான் வாங்குகிறவர்கள் அப்போது ஆறு பேர்தான். எது என்ன விலை என்பதைக் காப்பிக்கடை மேசையில் நாங்களே முடிவு செய்வோம். முதலில் பார்த்தவன் ‘சோப்’ என்று சொல்லிவிட்டால் அது அவனுடையது. மற்றவன் விலைகூடக் கேட்க மாட்டான். முப்பது வருடம் அதை நம்பினேன். முட்டாள்.

என் மனைவி லியன் நியோவின் அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்த ஜாடி எங்களிடம் இருந்தது. இளஞ்சிவப்பு, பக்கத்துக்கொரு ஃபீனிக்ஸ் பறவை. பாகம் பிரித்தபோது ஜாடி இவளுக்கு, மூடி அண்ணனுக்கு. அந்தப் புண்ணியவான் வீம்புக்கு மூடியை ஒரு டச்சுக்காரனிடம் விற்றுவிட்டான். இருபது வருடமாக லியன் ஜாடியைத் தட்டு வைத்து மூடினாள்.

போன வருடம் அந்த மூடி இணைய ஏலத்துக்கு வந்தது. பிடியில் இருக்கும் சிங்கத்துக்கு ஒரு காது இல்லை. சின்ன வயதில் லியன் உடைத்த காது. காப்பிக்கடையில் எங்கள் ஆறு பேரில் ஒருவனான தெக் சூனிடம் கைபேசியைக் காட்டி, “சோப்” என்றேன்.

“உன் மாமியார் மூடிடா. எவன் கை வைப்பான்?” என்றான்.

கடைசி ஐந்து வினாடியில் எவனோ அதைத் தட்டிக்கொண்டு போனான். மறுமாதம் மூடி தெக் சூன் கடைக் கண்ணாடிக்குள் இருந்தது.

“சோப் சொன்னேனேடா.”

“அது நம்ம மேசையில செல்லும் லா. இது ஏலம். நான் விட்டிருந்தா எவனாச்சும் ஷாங்ஹாய்க்காரன் எடுத்திருப்பான்.”

“சரி, போட்ட காசத் தர்றேன். குடு.”

“நீ ஜாடியக் குடேன். மூடியில்லாத ஜாடி ஆன்லைன்ல நூறு கெடக்கு. எண்ணூறு ரிங்கிட் தர்றேன், நண்பனாச்சேன்னு.”

ஒரு காலத்தில் அதற்கு எட்டாயிரம் சொன்னவன் நான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். உலகத்துப் பரணெல்லாம் கைபேசியில் கொட்டிக் கிடந்தது.

வீட்டில் சொன்னேன். லியன் ஜாடி மேலிருந்த தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

“குடுத்துடுங்க. அம்மா சாமான் ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும். தோணுறப்போ அவர் கடையில போய்ப் பாத்துக்கிறேன்.”

ஜாடியைச் சாரோங் துணியில் சுற்றி எடுத்துப் போனோம். மூடியை அவளே வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுத்த வாரமே தெக் சூன் அதை மூடியோடு ஏலத்தில் போட்டுவிட்டான். வெட்கமில்லாமல் நானும் விலை கேட்டேன், எங்கள் சேமிப்பு முழுவதையும் வைத்து. நாலு நிமிடம் தாங்கவில்லை.

“எந்த ஊருக்குப் போகுதாம்?” என்று கேட்டாள் லியன்.

“அதெல்லாம் காட்ட மாட்டாங்க,” என்றேன்.