ஆணி இல்லாத நாற்காலி

1

இந்தக் கதை மீன் சூப்பில் கிடைத்தது. பின்லாந்தின் வடகோடியில், நான் பல வருடமாகக் குடியிருக்கும் ஊரின் காந்த ஆய்வு நிலையத்துச் சாப்பாட்டு அறையில், "அந்த அலையே எர்க்கிதானோ என்னவோ" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வு மாணவி ஹெல்கா மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பூமியைச் சுற்றிப் பல்லாயிரம் மைல் உயரத்தில், காந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல்

(நிறுத்திவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

2

துணி காயப்போடும் கொடியைச் சுண்டினால் அதிரும். பூமியின் காந்தமும் மேலே அப்படி அதிரும், இரண்டு நொடிக்கு ஒருமுறை வரும், காதுக்கு எட்டாத மெதுவான அதிர்வு. சில சமயம் அது பெருத்துச் சிறுத்து, திரையில் முத்துக் கோத்ததுபோல் விழும். ஹெல்காவுக்கு மார்ச் மாதம் ஒரு காலையில் அப்படி ஒரு முத்துச்சரம் கிடைத்தது. ஆய்வேடே அதன்மேல் நின்றது, வரப்போகும் வேலையும்தான். பக்கத்து நிலையத்துக் கருவி அன்று பழுது, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்த நேரம் கருவிக் குடிசையில் யாராவது இருந்தார்களா?

இருந்தார். பராமரிப்பாளர் எர்க்கி, பனி வாரிப்போட்டுவிட்டுத் தன் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

3

எனக்கு எர்க்கிமேல் நம்பிக்கை வரவில்லை. அவருக்குப் பதில் கழுத்தில் மணி கட்டிய கலைமான் ஒன்றை எழுதிப் பார்த்தேன். கலைமான் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒழுங்காக ஆடாது. மனிதன் ஆடுவான். களைத்தால் மெதுவாக ஆடுவான், நினைவு வந்தால் மறுபடி வேகமாக. எர்க்கியின் மனைவி போன குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

[பக்கத்தில் இரும்பு அசைந்தால் கருவி அதையும் அலையாகப் பதிந்துவிடும். அதனால் நாற்காலியில் ஆணி கிடையாது. மர முளைகள்தான். குடிசைக்காகவே எர்க்கி செய்தது. இரும்புக் கொக்கி வைத்த உள்ளாடைகூட வேலிக்கு இந்தப் பக்கம் கழற்றவேண்டிய இடம் அது. யாரும் வெட்கப்படுவதில்லை.]

4

அதனால் ஒரு சோதனை வைத்தார்கள். எர்க்கி அதே நாற்காலியில் ஆடவேண்டும். அலுவலகத்தில் இயக்குநர் திரையைப் பார்ப்பார். கோடு அசையாவிட்டால் அலை வானத்துடையது.

வேலியருகே மரப்பெட்டியில் எர்க்கி சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாம் போட்டார். குனிந்தபோது மேலங்கிக்குள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கத்தியை ஹெல்கா பார்த்துவிட்டாள்.

"எர்க்கி, அது?"

"எது?"

"கத்தி. அன்னிக்கும் இருந்துச்சா?"

அவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இந்த ஊர் ஆண்களுக்குக் கத்தி ஒரு சாமான் இல்லை, விரல் மாதிரி.

"என்னிக்கும் இருக்கும். இது இரும்புன்னு எனக்குத் தோணினதே இல்ல பொண்ணே. இது என் கத்தி."

ஹெல்காவுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: கோடு அசையவில்லை, ஹெல்கா அழுகிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: முத்துக்கள் அப்படியே திரையில் விழுகின்றன, எர்க்கி தலை குனி

இல்லை. அந்த மனுஷனை அப்படி நிறுத்த எனக்கு மனமில்லை.

நடந்ததுவரை சொல்லிவிடுகிறேன். எர்க்கி கயிற்றைத் தலைவழியே பாதி கழற்றினார். பெட்டிமேல் கத்தியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவர் ஒன்றும் அப்பாவி இல்லை. கத்தி பெட்டிக்குள் போனால் கோடு அசையப்போவதில்லை, அலை யாருடையதாக இருந்தாலும் சரி. அது அவருக்கும் தெரியும். அவர்கள் இருவரை விட்டால், கத்தி விஷயம் தெரிந்தவர்கள் நானும் நீங்களும்தான்.

"போட்டுடவா? நீ சொல்லு. போட்டுட்டா யார் கேக்கப்போறா?"

அவள் கையிலிருந்த போனில் இயக்குநரின் குரல் வந்தது. "ஹெல்கா, எல்லாம் அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கா? ஆரம்பிக்கலாமா?"

நான் பேனாவை மூடிவிட்டேன். போன் இப்போது உங்கள் கையில். இயக்குநர் காத்திருக்கிறார்.