சஹனில் ஒரு பக்கம்

ஜும்மா தொழுதுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்த ஷேக் பரீதின் முன்னால், அந்த வாரச் சமையல் முறைக்காரனான நாகூர் மீரான் ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். பூப்போட்ட தட்டு. விருந்தாளி வந்தால் மட்டும் பரணிலிருந்து இறங்கும் தட்டு. யார் வந்திருக்கிறார்கள் என்று பரீத் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

அறுபதுகளின் தாராவியில் ஊருக்கு ஒரு ரூம் இருந்தது. புதிதாக வந்து இறங்குகிறவனிடம் பெயரைக் கேட்கமாட்டார்கள், ஊரைத்தான் கேட்பார்கள். தோல் கிடங்குக்கு மேலே இருந்த இந்த மாடி ரூம் ஓடைப்பட்டினத்துக்காரர்களுடையது. ஒரு காலத்தில் அரபுக் கப்பல்கள் முத்து வாங்க வந்து நின்ற ஊர் அது. துறைமுகம் மண்மேடிட்டு, கடலும் தள்ளிப் போய்விட்டது. பெருமை மட்டும் ஒரு அங்குலம்கூடத் தள்ளிப் போகவில்லை. சத்தம்போட்டுப் பேசமாட்டார்கள், மீன்காரியிடம் இரண்டாம் தரம் விலை கேட்கமாட்டார்கள். உப்பளத்தைத் தாண்டினால் கீழத்துறை. சங்கு குளிக்கிறவர்களின் ஊர். கடல் இரண்டு தடவை தெருவோடு வாரிக்கொண்டு போயும், கரையொதுங்கிய மரத்தைப் பொறுக்கி அதே இடத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள். காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை. அவர்கள் ரகசியம் பேசினால் ஓடைப்பட்டினத்தில் கேட்கும். தாராவியில் அவர்களுக்கும் ஒரு ரூம் உண்டு, இரண்டு சந்து தள்ளி.

பரீத் பிறந்தது கீழத்துறையில். கட்டிக்கொண்டது ஓடைப்பட்டினத்து ஆபிதாவை. ஓடைப்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியோடு போய்க் குடியேற வேண்டும். கீழத்துறை சிரிசிரியென்று சிரித்தது. "பொண்டாட்டி வீட்டுக்குப் பொட்டி தூக்கிட்டுப் போறாம்லே" என்று சொந்தச் சித்தப்பாவே தெருவில் நின்று சொன்னார். அந்தக் கோபத்தில் பரீத் தாராவியிலும் கீழத்துறை ரூமை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த ரூமுக்கு வந்துவிட்டார். அப்போதும் இதே பூப்போட்ட தட்டைத்தான் வைத்தார்கள், மாப்பிள்ளை மரியாதை. மற்றவர்கள் மூன்று மூன்று பேராக ஒரு சஹனைச் சுற்றி, ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிட, அவர் மட்டும் தனியாகச் சாப்பிட்டார். ஒருநாள் ரூமுக்கு மூத்த அண்ணனான நயினார் காக்காதான் கூப்பிட்டார். "எத்தன நாளைக்கு மாப்பிள்ளையாவே இருப்பீங்க? இங்கிட்டு வாங்க." நகர்ந்து, தன் சஹனில் ஒரு பக்கம் விட்டார். கல்யாணத்தன்றுகூடப் பரீதுக்கு மனசு அப்படி நிறைந்ததில்லை. அவரவர் பக்கத்தில் அவரவர் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது, நல்ல இறைச்சித் துண்டு தன் பக்கம் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். பழகிக்கொண்டார்.

ஆபிதா போய் இரண்டு மாதமாகிறது. தந்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ரூமில் யாசீன் ஓதினார்கள். பிள்ளை இல்லை. இனி அந்த வீட்டில் தனக்கு என்ன என்று பரீத் யோசிக்காமலில்லை. முந்தாநாள்தான் ஆபிதாவின் பெரியம்மா மகன் முகம்மது ஹனீப் ஊரிலிருந்து திரும்பினான். ஆபிதாவின் தங்கைக்கு நிக்காஹ் பேசியிருக்கிறார்களாம், ஆபிதாவும் அவரும் இருந்த மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்றாம். "ஒங்க பொட்டிய பத்திரமா கீழ எறக்கி வச்சிருக்காங்க மச்சான்" என்றான். நல்ல செய்தி போலத்தான் சொன்னான்.

இப்போது இந்தத் தட்டு.

"என்ன மீரான், எனக்கு மட்டும் தனியா?"

மீரான் நயினாரைப் பார்த்தான்.

"துக்கத்துல இருக்கீங்க மாப்ள," என்றார் நயினார், எப்போதும்போலத் தணிந்த குரலில். "ஒங்கள நாங்க மரியாதையா வச்சிக்கணும்ல. எத்தன நாள் இருந்தாலும் நம்ம ரூம்தான்."

எத்தனை நாள் இருந்தாலும். முந்தாநாள் வரை யாரும் அவர் இங்கே இருப்பதற்கு நாள் கணக்குப் பேசியதில்லை. முகத்தில் அன்பைத் தவிர எதுவும் இல்லாத மனிதரிடம் என்னவென்று சண்டை போடுவது? கீழத்துறைக்காரனாக இருந்தால் "எந்திரிச்சுப் போவே" என்று கத்தியிருப்பான், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அந்த ரூமுக்கும் போன வாரம் போய்ப் பார்த்தாயிற்று. சித்தப்பா மகன் ஜமுக்காளம் விரித்தான். "ஓடப்பட்டினத்து மாப்ள வந்துருக்காக, சோடா வாங்கிட்டு வாங்கலே" என்று தெரு அதிரக் கத்தினான். சோடாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

பரீத் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கைவைத்தார். கீழே கிடங்கில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்து வெளுத்த விரல்கள். யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். மூன்று பேராக இருக்க வேண்டிய எதிர்ச் சஹனில் நயினாரும் ஹனீபும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹனீப் கேட்டான். "என்ன மச்சான், சோறு அப்படியே கெடக்கு?"

பரீத் குனிந்து பார்த்தார். தன் பக்கத்தை மட்டும் சாப்பிட்டு முடித்திருந்தார். மிச்சச் சோறு கை படாமல் குவிந்திருந்தது. இரண்டு நல்ல இறைச்சித் துண்டுகள் தட்டின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. எப்போது தள்ளினார் என்று அவருக்கே தெரியவில்லை.

பதில் சொல்ல நிமிர்ந்தார். நயினார் சாப்பிடுகிற கை பாதியில் நிற்க தங்கள் சஹனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் இரண்டு பக்கம் காலியாகியிருந்தது. மூன்றாவது பக்கத்தில், பரீத் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேராக, சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.